எடை இறங்கட்டும்

விவேக்நகர் திருப்பத்தில் தொடங்கியது.
டொக்.
ஒரே ஒரு டொக். முன்னால், இடப்பக்கம்,
செருப்புக்கு நேர் கீழே
யாரோ ஒற்றை விரலை மடக்கித் தட்டியதுபோல.
ரேடியோவைக் கூட்டி வைத்தேன்.
ஆறு மாதம் கேட்கவில்லை.

பிறகு ஈஜிபுராவில் பள்ளத்துக்குப் பள்ளம் கேட்டது,
பள்ளமே இல்லாத இடத்திலும் கேட்டது,
பிரேக் மிதித்தால்
பாலியோ மூக்கை இடப்பக்கம் கொண்டுபோனது,
தெரிந்த வீட்டு வாசலைப் பார்த்த மாடுபோல.

முதஸ்ஸிர் ஜாக்கி வைத்துத் தூக்கினான்.
சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினான்.
எனக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை.
ஆடுகிற ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது
எடுக்க வேண்டியதுதான் என்று.
கம்பியை நுழைத்து நெம்பிக் காட்டினான்:
லோயர் ஆர்மின் பின்புஷ் கிழிந்து
ரப்பர் கருவாடாய்த் தொங்கியது.
"இதுலயா மேடம் ஓட்டிட்டு வந்தீங்கோ?"
நைஸ் ரோட்டில், போன ஞாயிறு விடிகாலை,
நூற்று நாற்பதில்
என்பதை நான் சொல்லவில்லை.

ஜே.சி. ரோட்டில் ஏழு கடை.
"பாலியோவா? ஆயிரத்து அறுநூறு சிசியா?
இன்னும் இருக்கா?" என்று
துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டார்கள்.
எட்டாவது, கீவர்சந்த் கடை.
மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி வந்தது,
மூலையை எலி கடித்த அட்டைப் பெட்டியில்,
மேலே இத்தாலியில் ஏதோ எழுதி.
ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.
நகத்தடத்தை வாங்கிக்கொண்டு
மெதுவாகத் திருப்பிக் கொடுத்தது. உயிர் இருக்கிறது.
விலையை அவர் வாயால் சொல்லவில்லை,
கால்குலேட்டரில் அடித்துக் காட்டினார்.
நானும் அடித்துக் காட்டினேன்.
மூன்று முறை கை மாறியது கால்குலேட்டர்.
லிங்க் ராடு இரண்டையும்
அந்தக் கணக்கிலேயே போட்டுக் கொடுத்தார்.

பால் ஜாயின்ட் வரவில்லை.
எண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடித்தோம். வரவில்லை.
தார்ப்பாய் மேல் மழை பிடித்துக்கொண்டது.
நெருப்புக் காட்டினான், திட்டினான்,
உருதுவில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று,
எனக்குப் புரியாதிருக்க வேண்டி
தமிழில் மட்டும் திட்டவில்லை.
கடைசியில் நக்கிளின் காதோடு சேர்த்து
சுத்தியலால் ஓங்கி ஒன்று.
தொப்பென்று இறங்கியது,
இவ்வளவு நேரமும் சும்மா உட்கார்ந்திருந்ததுபோல.

புது ஆர்மை ஏற்றி, போல்ட்டைத் திருகி,
அந்தரத்திலேயே இறுக்கப் போனான்.
நில்லு என்றேன்.
தொங்கும்போது இறுக்கினால்
அந்தத் தொங்கலைத்தான் நேர் என்று ரப்பர் நம்பும்.
தரையில் இறங்கியதும்
ஓடுகிற நாளெல்லாம் முறுக்கிக்கொண்டே கிடக்கும்.
முதலில் எடை இறங்கட்டும்.
"இருபது வருஷமா இப்பிடித்தான் மேடம் செய்றேன்."
இருபது வருஷமாய்த் திரும்பி வருகிறார்கள் இல்லையா
என்று கேட்டுவிட்டேன்.
ஸ்பேனரைக் கீழே வைத்தான்.
மழை மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
இரண்டு மரக்கட்டையைச் சக்கரத்தடியில் தள்ளி
ஜாக்கியை இறக்கினான்.
வண்டி ஒருமுறை பெருமூச்சு விட்டுத் தணிந்தது.
ஈரத் தரையில் முதுகு பட அடியில் நுழைந்தான்.
பைப் செருகிய ஸ்பேனர் இரண்டு முறை முனகியது.
வெளியே தெரிந்த கால் மட்டும்
எக்கி எக்கி அடங்கியது.

விவேக்நகர் திருப்பம். சத்தமில்லை.
ஈஜிபுரா. சத்தமில்லை.
ஆனால் பிரேக் மிதித்ததும்
வண்டி வலப்பக்கம், டிவைடரை நோக்கி.
சாந்திநகரில் அலைன்மெண்ட் மெஷினில் ஏற்றினேன்.
எல்லா எண்ணும் பச்சை.
இன்னொரு தடவை பாரு என்றேன்.
பார்த்தான். பச்சை.
"வண்டி நேரா இருக்கு மேடம்."
அப்போதுதான் கையைப் பார்த்தேன்.
ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒரு நூல்
இழுத்துப் பிடித்தபடி இருந்தது,
நிற்கும் வண்டியிலும்.

வெளியே வந்து ரிச்மண்ட் சர்க்கிள் வரை
விரல்களை ஒவ்வொன்றாய்த் தளர்த்திக்கொண்டு ஓட்டினேன்.
சிக்னலில் தளர்ந்து நின்ற கட்டைவிரல்
பச்சை விழுந்ததும் மறுபடி பற்றிக்கொண்டது.
மூன்று வாரம் ஆகிறது.
இன்றைக்கும் திருப்பத்துக்குப் பத்தடி முன்னால்
தோள் இறுகிக் காத்திருக்கிறது
அந்த டொக்குக்கு.